அட்வான்ஸ் வாங்கிய பிறகு விலையை ஏற்றலாமா?

கேள்வி

வணக்கம் சார். எனக்கு 26 வயது. கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். நின்டெண்டோ கம்பெனியின் ஸ்விட்ச் 2 வீடியோ கேம் கன்சோல் 2025 ஜூன் 5-ம் தேதி வெளியாகிறது என்று ஏப்ரலில் அறிவித்ததுமே, எங்கள் ஊரில் கேம் விற்கும் ஒரு கடையில் போய்ப் பேசினேன். மாரியோ கார்ட் வேர்ல்ட் கேமும் சேர்த்து 54,000 ரூபாய், முதல் லாட்டிலேயே உங்களுக்கு ஒன்று என்றார்கள். மே மாதம் 10,000 ரூபாய் யுபிஐ-யில் அட்வான்ஸ் கட்டினேன். துண்டு ரசீது ஒன்று கொடுத்தார்கள். விலையை வாட்ஸ்அப்பிலும் அனுப்பியிருக்கிறார்கள்.

வெளியான பிறகு போன் செய்தால் ஒருநாள் 'ஸ்டாக் வரல', இன்னொரு நாள் 'கஸ்டம்ஸ்ல நிக்குது'. கடைசியில், 'மூணு பீஸ்தான் வந்திருக்கு, இப்ப 63,000. கூடவே ரெண்டு கேமும் ஒரு கவரும் எடுத்தாத்தான் தருவோம். வேண்டாம்னா கேன்சல் பண்ணிக்கங்க, 2,000 பிடிச்சுட்டு மீதியத் தர்றோம்' என்கிறார்கள். அதே கடை சமூக வலைதளத்தில் 'ஸ்டாக் வந்தாச்சு' என்று பெட்டிகளை அடுக்கிப் படம் போட்டிருக்கிறது. எனக்குத் தெரிந்த இன்னும் இரண்டு பேருக்கும் இதே கதைதான்.

பழைய பொருள் விற்கும் செயலி ஒன்றில், 'ஜப்பான் மாடல், சீல் பிரிக்காதது, பில் இல்லை, 47,000' என்று ஒருவர் போட்டிருக்கிறார். வாங்கிவிடலாமா என்று கை துறுதுறுக்கிறது.

இது மோசடி இல்லையா சார்? நின்டெண்டோ கம்பெனியே வேண்டுமென்றே ஸ்டாக்கைக் குறைத்து விலையை ஏற்றுகிறதா? ஒரே ஒரு கேமுக்கு 80 டாலர் விலை வைப்பதைக் கேட்க ஆளே இல்லையா? வீட்டில் சொன்னால், 'பொம்மைக்குப் போய் இவ்வளவு காசா' என்று சிரிக்கிறார்கள்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தில் மூன்று கோபங்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. ஸ்டாக்கைக் குறைவாக விட்ட கம்பெனி மேல் ஒன்று, விலை மேல் ஒன்று, கடைக்காரர் மேல் ஒன்று. முதல் இரண்டும் நியாயமான கோபங்கள்தான். ஆனால் அவற்றை வைத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞர் உங்களுக்குப் பெரிதாக எதுவும் செய்து தர முடியாது. மூன்றாவதில் நிறையச் செய்யலாம். உங்கள் பத்தாயிரம் ரூபாய் மாட்டிக்கொண்டிருப்பதும் அங்கேதான். அதனால் கடையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஒரு கடைக்காரர் தன் பொருளுக்கு அதிக விலை சொன்னால், சொல்லிவிட்டுப் போகட்டும், நாம் வேறு கடைக்குப் போகலாம். உங்கள் விஷயம் அப்படியில்லை. பொருள் இன்னது, விலை 54,000 என்று அவர் சொன்னார். நீங்கள் சம்மதித்துப் பணம் கட்டினீர்கள், அவர் வாங்கிக்கொண்டார். ஒப்பந்தம் அங்கேயே உருவாகிவிட்டது. முத்திரைத்தாள், கையெழுத்து எதுவும் இதற்குத் தேவையில்லை. அதற்குப் பிறகு 9,000 ரூபாய் கூடக் கேட்பதற்கு அவருக்கு உரிமை இல்லை. 'எங்களுக்கே விலை ஏறிப்போச்சு' என்பது அவருடைய வியாபார ரிஸ்க். விலை இறங்கியிருந்தால் உங்களைக் கூப்பிட்டு 5,000 ரூபாய் திருப்பித் தந்திருப்பாரா?

அடுத்து, 'கூடவே ரெண்டு கேமும் கவரும் எடுத்தாத்தான்' என்ற நிபந்தனை. எத்தனையோ கடைகளில் இது சர்வசாதாரணமாக நடப்பதால், இதுவும் வியாபாரத் தந்திரம்தானே என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இதற்கென்றே இடம் இருக்கிறது. ஒரு பொருளை வாங்க வேண்டுமானால் இன்னொரு பொருளையும் வாங்கியே ஆக வேண்டும் என்று நிபந்தனை போடுவதைச் சட்டத்தின் 2(41)-வது பிரிவு கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை என்கிறது. ஒப்புக்கொண்ட காலத்தைத் தாண்டிப் பொருளைத் தாமதப்படுத்தி, அதனால் விலை ஏறும்படி செய்வதும் அதே பிரிவில் வருகிறது. 'கஸ்டம்ஸ்ல நிக்குது' என்று இழுத்தடித்துவிட்டு 63,000 என்று சொன்னாரே, அதை இந்தப் பிரிவோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள்.

அப்புறம் அந்தப் படம். கையில் பெட்டிகளை வைத்துக்கொண்டே, பணம் கட்டியவருக்கு இல்லை என்று சொல்வதைப் பற்றி 2(47)-வது பிரிவு பேசுகிறது. பொருளைப் பதுக்குவது அல்லது விற்க மறுப்பது விலையை ஏற்றும் என்றாலோ, ஏற்றும் நோக்கத்தோடு நடந்தாலோ அது நேர்மையற்ற வணிக நடைமுறை. அந்தப் படத்தை இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தேதியும் கடையின் பக்கத்துப் பெயரும் அதில் தெரிய வேண்டும். கடையின் வாதத்தை உடைக்கப்போவது அந்த ஒரு படம்தான், உங்கள் புகார் போனதும் முதலில் காணாமல் போகப்போவதும் அதுதான். வாட்ஸ்அப் உரையாடலை முழுதாக ஏற்றுமதி செய்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். யுபிஐ பரிவர்த்தனை எண்ணையும், பணம் யார் பெயரில் போயிற்று என்பதையும் குறித்து வையுங்கள். கடையின் பெயர் ஒன்றாகவும் கணக்கு வேறு ஒருவர் பெயரிலும் இருந்தால் அதையும் குறியுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் இவற்றைத் தாக்கல் செய்யும்போது 2023-ம் ஆண்டின் பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவின்படி மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழ் ஒன்றையும் இணைத்துவிட வேண்டும். நுகர்வோர் ஆணையங்கள் சாட்சியச் சட்டத்தை எழுத்துக்கு எழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை என்றாலும், எதிர்த் தரப்பு வழக்கறிஞர் ஆட்சேபிக்க நாமே ஏன் இடம் கொடுக்க வேண்டும்?

அந்தத் துண்டு ரசீதைப் பற்றி நீங்கள் அதிகம் சொல்லவில்லை. கீழே பொடி எழுத்தில் 'முன்பணம் திருப்பித் தரப்பட மாட்டாது' என்றோ, 'விலை மாறுதலுக்கு உட்பட்டது' என்றோ அச்சிட்டிருந்தால் பயப்பட வேண்டாம். வாக்கை மீறியது கடை. அப்படியிருக்க, கேன்சல் செய்ய வைத்து 2,000 பிடிப்பதற்கு அந்த வரி பாதுகாப்புத் தராது. நீங்களாகவே மனம் மாறிக் கேன்சல் செய்திருந்தால் வாதம் வேறு மாதிரி போயிருக்கும். அதனால் எக்காரணம் கொண்டும் 'கேன்சல்' என்ற சொல்லை நீங்கள் எழுதி அனுப்பாதீர்கள், போனிலும் சொல்லாதீர்கள். 2,000 பிடித்துக்கொண்டு மீதியை அவர்களாகவே கணக்கில் போட்டுவிட்டால், 'பாக்கி 2,000 வரவில்லை, இதை முழுத் தீர்வாக நான் ஏற்கவில்லை' என்று அன்றைக்கே ஒரு வரி அனுப்பிவிடுங்கள்.

முதலில் செய்ய வேண்டியது ஒரு கடிதம். வக்கீல் நோட்டீஸ்கூட இப்போதைக்கு வேண்டாம், நீங்களே எழுதலாம். ஏறக்குறைய இப்படி:

"ஐயா, மே மாதம் ——ம் தேதி, நின்டெண்டோ ஸ்விட்ச் 2 கன்சோலும் மாரியோ கார்ட் வேர்ல்ட் கேமும் சேர்ந்த தொகுப்புக்கு மொத்த விலை ரூ.54,000 என்று உறுதி செய்து, என்னிடம் ரூ.10,000 முன்பணம் பெற்றீர்கள். பரிவர்த்தனை எண் ——. இப்போது ரூ.63,000 கேட்பதும், வேறு பொருட்களையும் வாங்கினால்தான் தருவோம் என்பதும் நாம் பேசிக்கொண்டதில் இல்லாதவை. இக்கடிதம் கிடைத்த 10 நாட்களுக்குள், ஒப்புக்கொண்ட விலைக்கு, வேறு நிபந்தனை எதுவும் இல்லாமல், பில்லுடன் பொருளைத் தரவும். இயலாவிட்டால் ரூ.10,000 முழுவதையும் எந்தப் பிடித்தமும் இன்றித் திருப்பி அனுப்பவும். தவறினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழ் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் செய்வேன்."

திட்டு வேண்டாம், ஆச்சரியக்குறி வேண்டாம், 'உங்களை இணையத்தில் நாறடித்துவிடுவேன்' என்ற வாக்கியம் அறவே வேண்டாம். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, அதையே ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். முக்கால்வாசிக் கடைகள் இந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடும் என்பது என் அனுபவம். ஆணையத்துக்கு ஒரு தடவை வந்து போகும் செலவே 2,000 ரூபாய்க்கு மேல் ஆகும் என்று அவர்களுக்கும் கணக்குத் தெரியும்.

பத்து நாளில் அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். தமிழிலேயே பேசலாம். அவர்கள் கடையைத் தொடர்புகொண்டு சமரசம் பேசுவார்கள், தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள புகாருக்குக் கட்டணமே இல்லை. இ-ஜாக்ரிதி என்ற அரசு இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம், வழக்கறிஞர் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு, ஆனால் அவ்வளவு நாள் ஆறப்போடாதீர்கள். அந்த இன்னும் இரண்டு பேரும் ஆளுக்கொரு புகார் கொடுத்தால் நல்லது. ஒரே கடை மூன்று பேரிடம் ஒரே வசனம் பேசியிருப்பது ஆணையத்தின் கண்ணில் படட்டும்.

எதிர்பார்ப்பையும் கொஞ்சம் சரிசெய்துகொள்ளுங்கள். '54,000-க்கே கன்சோலைக் கொடு' என்று ஆணையம் உத்தரவு போட்டு, அதை நீங்கள் கையில் வாங்கி விளையாடுவது நடப்பது கடினம். கிடைக்கக்கூடியது முன்பணம், அதற்கு வட்டி, மன உளைச்சலுக்கு ஒரு தொகை, வழக்குச் செலவு. எதிர்த் தரப்புக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததிலிருந்து மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் அதைவிட நீளும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. 'ரெண்டு பீஸ் எடுத்து ஒண்ணை லாபத்துக்கு வித்துடுறேன்' என்கிற மாதிரி அந்தக் கடைக்காரருக்கு எப்போதாவது வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறீர்களா? மறுவிற்பனைக்காக வாங்குபவர் இந்தச் சட்டத்தின் கண்ணில் நுகர்வோரே இல்லை. விளையாட்டாக எழுதிய வரிகூட எதிர்த் தரப்புக்கு நல்ல ஆயுதம்.

மோசடி இல்லையா என்று கேட்டிருந்தீர்கள். பேச்சுவழக்கில் மோசடிதான். குற்றவியல் சட்டத்தில் ஏமாற்றுதல் என்று சொல்ல, பணம் வாங்கும்போதே தரக்கூடாது என்ற எண்ணம் இருந்ததாகக் காட்ட வேண்டும். உங்கள் கடைக்காரர் தரத் தயாராக இருக்கிறார், விலையில்தான் பேராசை. காவல் நிலையத்துக்குப் போனால், 'இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க' என்று அனுப்பிவிடுவார்கள். பலரிடம் அட்வான்ஸ் வாங்கிவிட்டு ஷட்டரை இழுத்துப் பூட்டிக்கொண்டு போயிருந்தால் முதலில் போக வேண்டிய இடம் காவல் நிலையம்தான்.

உங்களைப் போலவே ஆன்லைனில் முன்பதிவு செய்து மாட்டிக்கொண்ட வாசகர்களுக்கும் இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். 2020-ம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, ஒரு தளம் தானாக ஆர்டரை ரத்து செய்யும்போது அதே மாதிரிக் கட்டணத்தைத் தானும் சுமந்தால்தான், நீங்கள் ரத்து செய்யும்போது உங்களிடம் கட்டணம் பிடிக்க முடியும். அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் வந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். முன்பதிவுக்குக் கடன் அட்டை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். பொருள் வரவில்லை என்று வங்கியிடம் தகராறு பதிவு செய்து பணத்தை மீட்க ஒரு வழி இருக்கும். யுபிஐ-யில் நாமே பின் எண் போட்டு அனுப்பிய பணத்துக்கு அந்த வசதி அநேகமாக இல்லை.

சரி, விலைக்கு வருவோம். நம் ஊரில் முதல் நாள் பிளாக்கில் டிக்கெட் விற்றால் குற்றம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது குற்றமானதற்குக் காரணம், தியேட்டர் கட்டணத்துக்கு அரசு உச்சவரம்பு வைத்திருப்பது. கன்சோலுக்கும் கேமுக்கும் அப்படி யாரும் விலை நிர்ணயிப்பதில்லை. பெட்டியில் இருக்கும் எம்.ஆர்.பி.கூட அரசு போட்ட விலை இல்லை. தயாரிப்பாளரோ இறக்குமதியாளரோ தானே போட்டுக்கொள்வது. அச்சிட்டதற்கு மேல் விற்கக்கூடாது என்பது மட்டும்தான் சட்டம்.

உங்கள் விஷயத்தில் அங்கேயும் ஒரு சிக்கல். நின்டெண்டோவுக்கு இந்தியாவில் அதிகாரப்பூர்வ விற்பனை கிடையாது. இங்கே கடைகளில் இருக்கும் ஒவ்வொரு ஸ்விட்சும் யாரோ ஒரு வியாபாரி வெளிநாட்டிலிருந்து வரவழைத்தது. இறக்குமதியான பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டில் தயாரானது, எல்லா வரிகளும் சேர்ந்த எம்.ஆர்.பி., புகார் செய்ய வேண்டிய தொடர்பு எல்லாம் ஸ்டிக்கராக ஒட்டியிருக்க வேண்டும் என்கின்றன பொதிந்த பொருட்கள் விதிகள். பல கடைகளில் அந்த ஸ்டிக்கரே இருக்காது. எம்.ஆர்.பி.யே இல்லாத பெட்டியை எம்.ஆர்.பி.க்கு மேல் விற்றார் என்று எப்படிப் புகார் செய்வது? ஆனால் ஸ்டிக்கர் இல்லாமல் விற்பதே தனி விதிமீறல். அந்த விதிகள் வரும் எடையளவுச் சட்டத்தைத் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறைதான் அமல்படுத்துகிறது. மாவட்டத்தில் தொழிலாளர் உதவி ஆணையர் அமலாக்கப் பிரிவுக்கு ஒரு படத்தோடு மனு கொடுக்கலாம். உங்கள் பணம் இதனால் திரும்பாது. ஆனால் கடைக்காரருக்குப் பயம் வரும்.

அந்த 47,000 ரூபாய் ஜப்பான் மாடலை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். ஜப்பானில் ஸ்விட்ச் 2 இரண்டு வகையாக வந்தது. வெளியானபோது பல மொழிகள் உள்ளது 69,980 யென். ஜப்பானிய மொழி மட்டும் உள்ளது 49,980 யென், நம் கணக்கில் ஏறக்குறைய 30,000 ரூபாய். விலை குறைந்த இந்த இரண்டாவது வகையை அள்ளிக்கொண்டு போய் வெளிநாட்டில் விற்கக்கூடாது என்பதற்காகவே அதில் பூட்டுப் போட்டு வைத்திருக்கிறார்கள். அதில் ஜப்பானிய மொழியைத் தவிர வேறு மொழிக்கு மாற்றவே முடியாது. ஜப்பான் நாட்டுக் கணக்கு என்று பதிவான நின்டெண்டோ கணக்கை மட்டும்தான் அதில் இணைக்க முடியும். சரி, ஜப்பான் கணக்கே ஒன்று திறந்துகொள்கிறேன் என்றால், அந்நாட்டு நின்டெண்டோ இணையக் கடை 2025 மார்ச் 25 முதல் வெளிநாட்டுக் கடன் அட்டைகளை ஏற்பதை நிறுத்திவிட்டது. ஆக, அவர் விற்பது இந்த இரண்டாவது வகையாக இருந்தால், 30,000 ரூபாய்ப் பொருளை 47,000-க்கு வாங்கி, மெனுவைப் படிக்கத் தெரியாமல், கேம் வாங்கவும் திண்டாட வேண்டும். பில்லும் இல்லை, நாளைக்குப் பழுதானால் யாரிடம் போய் நிற்பீர்கள்? பில் தராமல் விற்பதே நேர்மையற்ற வணிக நடைமுறை என்று அதே 2(47)-வது பிரிவு சொல்கிறது. ஆனால் செயலியில் பார்த்த முகம் தெரியாத ஆளை எந்த ஆணையத்தில் போய்த் தேடுவது?

எந்தக் கடையில் வாங்கினாலும் பணம் கட்டுவதற்கு முன் கன்சோலை இயக்கி, அமைப்புகளில் மொழிப் பட்டியலைத் திறந்து பாருங்கள். ஆங்கிலம் இருக்கிறதா என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். தொகுப்பில் வரும் மாரியோ கார்ட் வேர்ல்ட் கார்டாக வராது, பதிவிறக்கமாகத்தான் வரும். அதனால் ஏற்கெனவே பிரித்த பெட்டியாக இருந்தால், கேமைப் பதிவிறக்கும் குறியீட்டை யாராவது பயன்படுத்திவிட்டார்களா என்று கேளுங்கள். அந்தக் குறியீடும் பொதுவாகப் பெட்டி எந்த நாட்டுச் சந்தைக்கானதோ அந்த நாட்டுக் கணக்கில்தான் ஏறும். 'கூடவே எடுத்தாத்தான்' என்று தலையில் கட்டப் பார்க்கிறார்களே அந்த இரண்டு கேம்கள், அவற்றின் பெட்டியையும் திருப்பிப் பாருங்கள். ஸ்விட்ச் 2-ல் கேம்-கீ கார்டு என்று ஒரு வகை வந்திருக்கிறது. பார்க்கச் சாதாரண கார்டு மாதிரியே இருக்கும், உள்ளே கேம் இருக்காது. கார்டைச் செருகி இணையத்திலிருந்து முழுக் கேமையும் இறக்கிக்கொள்ள வேண்டும், ஒவ்வொரு முறை விளையாடவும் கார்டும் உள்ளே இருக்க வேண்டும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 அப்படித்தான் வந்தது. சைபர்பங்க் 2077 முழுதாகக் கார்டிலேயே வந்தது. கன்சோலின் நினைவகம் 256 ஜிபி, கூட்ட வேண்டுமானால் பழைய மெமரி கார்டு ஆகாது, மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் வகைதான் வேண்டும். 54,000-க்கு மேல் இதுவும் ஒரு செலவு என்று கடைக்காரர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.

கம்பெனி வேண்டுமென்றே ஸ்டாக்கைக் குறைக்கிறதா? இந்தச் சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2016 நவம்பரில் என்இஎஸ் கிளாசிக் என்ற சின்ன கேம் கன்சோலை 60 டாலருக்கு வெளியிட்டார்கள். கடைகளில் பார்க்கவே முடியவில்லை, பிளாக்கில் பல மடங்கு விலை. 2017 ஏப்ரலில் தயாரிப்பையே நிறுத்தினார்கள். 2018 ஜூனில் அதே கன்சோல் அதே விலைக்குக் கடைகளுக்குத் திரும்பி வந்தது. 2020 செப்டம்பரில் சூப்பர் மாரியோ 3டி ஆல்-ஸ்டார்ஸ் என்ற கேமை 2021 மார்ச் 31 வரைதான் விற்போம் என்று சொல்லி, டிஜிட்டல் பதிப்பையும் அன்றோடு எடுத்துவிட்டார்கள். பதிவிறக்கத்தில் ஸ்டாக் தீருவது எங்கே? இதெல்லாம் வேண்டுமென்றே உண்டாக்கிய பஞ்சம்தான், என்ன விளக்கம் சொன்னாலும்.

ஸ்விட்ச் 2 விஷயத்தில் அந்தக் குற்றச்சாட்டு எடுபடாது என்று நினைக்கிறேன். நாலே நாளில் உலகம் முழுக்க 35 லட்சம் கன்சோல் விற்றிருக்கிறது. ஜப்பானில் யாருக்கு விற்பது என்று அவர்களுடைய இணையக் கடை நடத்திய குலுக்கலுக்கு மட்டும் 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். அதுவும் பழைய ஸ்விட்சில் 50 மணி நேரமாவது விளையாடியிருக்க வேண்டும், அவர்களுடைய ஆன்லைன் சேவைக்கு ஒரு வருடமாவது சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு. நிறுவனத் தலைவர் ஷுன்டாரோ ஃபுருகாவா, பலருக்குக் கிடைக்காது என்று முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டார். பிளாக்கில் விற்பவர்கள் கையில் சிக்கக்கூடாது என்று அவர்கள் அங்கே போட்ட வேலிகள் அவை. கோவைக்கு அந்த வேலி எதுவும் இல்லை. இங்கே மூன்று பீஸ் வருவதும் முப்பது பீஸ் வருவதும் ஒரு வியாபாரி எவ்வளவு பணம் முடக்கத் துணிகிறார் என்பதைப் பொறுத்தது. சுங்கவரி, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, இடைத்தரகர் லாபம் எல்லாம் ஏறி, வெளியானபோது அமெரிக்காவில் 500 டாலருக்கு, அதாவது 43,000 ரூபாய் சுமாருக்கு விற்ற தொகுப்பு 54,000 ஆவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. அதற்கு மேல் உள்ள 9,000-த்துக்கு உங்கள் அவசரம்தான் காரணம். அதை அவர் காசாக்கப் பார்க்கிறார்.

எண்பது டாலரைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பெரிய கேம்கள் பதினைந்து வருடம் போல 60 டாலரில் நின்றன, 2020-க்குப் பிறகு 70 ஆயின, 2025-ல் மாரியோ கார்ட் 80. வெளியானபோது அமெரிக்காவில் தொகுப்பாக வாங்கியவர்கள் அதே கேமுக்குக் கூடுதலாகக் கொடுத்தது 50 டாலர்தான் என்பதையும் கவனியுங்கள். கேட்க ஆள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் தி அவுட்டர் வேர்ல்ட்ஸ் 2 கேமுக்கு 80 டாலர் என்று அறிவித்துவிட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் 2025 ஜூலையில் 70-க்கு இறங்கியது. எந்த நீதிமன்றமும் உத்தரவு போட்டு அது நடக்கவில்லை.

இனி வாங்குவதா, பொறுப்பதா? சோனியின் பிளேஸ்டேஷன் 5 கன்சோல் இங்கே வந்தபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். 2021 ஜனவரி 12-ம் தேதி முன்பதிவு திறந்த சில நிமிடங்களில் தீர்ந்தது. 49,990 ரூபாய்க் கன்சோலுக்கு அப்போது பிளாக்கில் அள்ளிக் கொடுத்தவர்கள் உண்டு. பிறகு 2022 நவம்பரில் கம்பெனியே 54,990 ஆக்கியது. 2023 ஜூலையில் 7,500 ரூபாய் தள்ளுபடி கொடுத்து, வெளியான நாள் விலைக்கும் கீழே 47,490-க்கு விற்றது. ஸ்விட்ச் 2 அப்படியே இறங்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். சோனிக்கு இங்கே கம்பெனி இருக்கிறது, தள்ளுபடி அறிவிக்க ஆள் இருக்கிறது, நின்டெண்டோவுக்கு இல்லை. ஆனால் நாலு கடையில் சரக்கு வந்துவிட்டால் 'கூடவே எடுத்தாத்தான்' என்ற பேச்சு அடங்கிவிடும். சென்னை, பெங்களூரு கடைகளிலும் விலை விசாரியுங்கள். மறுபடி அட்வான்ஸ் மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள். பெட்டியைக் கண்ணால் பார்த்த பிறகு முழுப் பணம், முழு பில்.

வீட்டில் சிரிப்பதற்குச் சட்டத்தில் பரிகாரம் இல்லை. பொம்மையோ பிரஷர் குக்கரோ, பணம் வாங்கிக்கொண்டு வாக்கு மாறினால் ஆணையத்துக்கு இரண்டும் ஒன்றுதான் என்று வேண்டுமானால் சொல்லிப் பாருங்கள்.

கடிதத்தை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். ரசீதின் இருபக்கமும் படமெடுத்து எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், பின்பக்கத்தில் நிபந்தனை ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைக்காரர் பதில் போட்டால் நீங்களாக எதுவும் பதில் சொல்லாமல் அதையும் சேர்த்து அனுப்பிவையுங்கள்.